மேலிருந்து சுற்றிய டேப்

தரங்கம்பாடியில் கேபிள் டிவி லைன்மேனான கிளாட்சன், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏணியைச் சீக்கிரம் இறக்கி வைப்பார். மாலை ஆறு மணிக்கு அவருடைய பழைய சிற்றலை ரேடியோ ரிசீவரில் சேக் தாவூதின் குரல் வரும். தாவூது சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். ஓய்வு நேரத்தில் தன் அமெச்சூர் ரேடியோ செட்டில் நாகப்பட்டினத்து நண்பர் ஒருவரோடு பேசுவார். முடிக்கும்போது, "எல்லாரும் நல்லா இருங்க" என்பார். அந்த ஒரு வரிக்காகத் தாவூதின் மனைவி ரசியா பேகம் அடுத்த தெருவிலிருந்து வந்து உட்காருவாள். பதில் பேச வழியில்லை, கேட்க மட்டும்தான்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று வெள்ளிக்கிழமை வெறும் இரைச்சல். மூன்றாவது வாரம் ரசியா வாசற்படியில் நின்றாள்.

"மறைக்காம சொல்லுங்கண்ணே. அவரு பேசுறதையே விட்டுட்டாரா?"

காற்று சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். மூன்று வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழை விட்டதும், இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டிய ஏரியலை இறக்கினார். கேபிள் சேரும் இடத்தில் டேப்பைப் பிரித்தால் ஒரு கரண்டித் தண்ணீர். உள்ளே, கையால் முறுக்கி மாட்டும் மலிவு கனெக்டர். பின்னல் கம்பி கறுத்து, தொட்டதும் உதிர்ந்தது.

சித்திரையில் அவரே மாட்டியது. முப்பது வீடு பார்த்துவிட்டு வந்த அலுப்பில் டேப்பை மேலே தொடங்கிக் கீழே இறக்கியிருந்தார். ஒவ்வொரு சுற்றும் மேல்நோக்கி வாய் திறந்து மழையைக் குடித்திருந்தது. இளவயதில் கூரை வேயப் போனவர் அவர். மேல் கீற்று கீழ்க் கீற்றை மூடி மழை வழிந்தோடும்படி, தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏற்றுவது கைக்குப் பழகிய வேலை.

நாகப்பட்டினம் போய், ரப்பர் வளையம் வைத்த கனெக்டராகப் பார்த்து வாங்கினார். செம்பு பளிச்சென்று தெரியும்வரை கேபிளை வெட்டினார். இரண்டு முழம் போயிற்று. நடுக்கம்பிக்குச் சால்டர் வைத்து, இழுத்துப் பார்த்து, டேப்பைக் கீழிருந்து மேலே சுற்றினார்.

வெள்ளிக்கிழமை, செட்டைப் போடுமுன் சொன்னார்: "அவரு மேல குத்தமில்லம்மா. நான் டேப்பைத் தப்பாச் சுத்திட்டேன்."

ஆறு மணிக்குக் குரல் மெலிதாக வந்தது. "எல்லாரும் நல்லா இருங்க."

ரசியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வாரமா வாயில வந்தபடியெல்லாம் வஞ்சேன். நல்லவேளை, இங்கேருந்து அவருக்கு ஒண்ணும் கேக்காது."

கிளாட்சனுக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது. வெளியே மறுபடி தூறல். படம் வரவில்லை என்று பதினோரு வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அங்கெல்லாம் டேப் சுற்றியதும் அவர்தான்.