செவ்வாய்க்கிழமைச் சலுகை

கொழும்பில், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பீட்சாக் கடை இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். சண்டைக் காலம் அது. நான் பக்கத்து ஒழுங்கையில் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். தனி ஆளுக்கு இரண்டு பீட்சா அதிகம்; மற்ற நாட்களிலோ ஒன்றின் விலையே அதிகம். அதனால் அந்தக் கண்ணாடியைக் கடந்து போவதோடு சரி.

ஒரு செவ்வாய், வேலையால் வரும்போது, ஆசை முற்றி உள்ளே போய்விட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், சின்ன மகளுடன் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா விசாவுக்காக லொட்ஜில் காத்திருக்கும் குடும்பம். மகளுக்கு அன்று பிறந்தநாள்.

"எங்களுக்கு ஒண்டு காணும். இலவசம் வேண்டாம், பாதி விலைக்குத் தாங்கோவன்" என்று கேட்டார். கல்லாவில் நின்ற சிங்களவருக்கு விளங்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே முடியாது என்றார்.

"அக்கா, நீங்க ஒண்டு, நான் ஒண்டு எடுப்பம். காசைப் பாதி பாதி போடுவம்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீரும் யாழ்ப்பாணமோ, தங்கச்சி?"

"ஓம்."

"அப்ப சரி."

மகளுக்குக் கோழி வேண்டும். அக்கா செவ்வாயில் மச்சம் தொடாமல் சைவம்தான் சாப்பிடுவார். "சலுகையை வேற நாளில போட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். கோழி ஒன்று, மரக்கறி ஒன்று வாங்கி, பாதி பாதி மாற்றிக்கொண்டோம். அக்கா தன் பெட்டியின் நடுவே கடதாசியை மடித்து வேலி போட்டார்.

சேர்ந்தே நடந்தோம். லொட்ஜ் இருந்த ஒழுங்கையின் முகப்பில் பொலிஸ் சோதனை நடந்துகொண்டிருந்தது. அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கையில் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு என்னிடம் இருந்தது, அவருடையது லொட்ஜில். பெண் பொலிஸ் ஒருவர் என் பக்கம் திரும்பி, இவர் உனக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"என் அக்கா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

அப்படியென்றால் நீ போய்ப் பதிவை எடுத்து வா, அதுவரை இவர் இங்கே நிற்கட்டும் என்றார்.

அக்கா மகளின் கையை என் கையில் வைத்தார். என் பெட்டியையும் வாங்கிக்கொண்டார். "பிள்ளைக்கு அறை தெரியும். சூட்கேசுக்க உடுப்புக்கு மேல இருக்கு எண்டு இவளின்ர அப்பாட்டச் சொல்லும்."

சற்று முன்வரை முகம் தெரியாத ஒருவரின் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அன்ரி, அம்மாவைக் கொண்டுபோயிடுவினமோ?"

"இல்லையம்மா, பீட்சாவோட நிக்கிறா" என்றேன்.

கணவர் பதற்றத்தில் சூட்கேசையே கட்டிலில் கவிழ்த்துத் துண்டை எடுத்துத் தந்தார். "நானும் வாறன்" என்று சட்டையைத் தேடினார்.

"வேண்டாம் அண்ணை. ஆம்பிளையளைக் கண்டால் விடாங்கள்."

அவருக்கும் அது தெரியும். கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுத் திரும்பி வந்தபோது அக்கா மணல் மூட்டைகளின் அருகே, இரண்டு பெட்டிகளையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பெண் பொலிஸ் துண்டை விரித்துப் படித்தார். பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். கடதாசி வேலியைக் கண்டு என்ன இது என்றார். நான் விளக்கினேன். தன் தாயும் பௌர்ணமிப் போயா நாளில் மச்சம் சாப்பிடமாட்டார் என்று சொல்லிப் போகவிட்டார்.

என்னை என் அறைக்குப் போக அக்கா விடவில்லை; லொட்ஜுக்கே கூட்டிப்போனார். சூட்கேசைக் கிடத்தி அதன்மேல் பெட்டிகளை வைத்தார். எல்லாம் ஆறிப்போய்ச் சீஸ் தோல்போல இறுகியிருந்தது. அண்ணை ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இதுக்கோ இந்தப் பாடு?" என்றார். முதலில் அக்காதான் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, பிறகு மறுபடி சிரிப்பானது. மகள் யாரையும் பார்க்காமல் கோழித்துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தாள்.

விசா வரும்வரை பல செவ்வாய்கள் நாங்கள் சேர்ந்தே போனோம். கனடா போன பிறகு அக்கா ஒரு தரம் தொலைபேசியில் கதைத்தார். குளிரைப் பற்றிச் சொன்னார். அண்ணைக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். "அங்க ஆரோட சாப்பிடுறீர்?" என்று கேட்டார்.

"தனியத்தான்" என்றேன். செவ்வாய்க்கிழமைகளில் மறுபடி அந்தக் கண்ணாடியைக் கடந்து போவதோடு சரி.