கரண்டு போன மத்தியானம்

எங்கள் வீட்டில் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே உள்ளங்காலுக்கு வந்துவிடும். சுவரை ஒட்டியிருந்த கொட்டகையில் அப்பாவின் விசைத்தறிகள் காலையில் ஓடத் தொடங்கியதும் சிமெண்டுத் தரை அதிரும். அடுக்களையில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறிகள் என்பதால் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். "கரண்டு" போனால் ஒரு நொடியில் தெருவே செத்துப்போன மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில் அடுத்த வீட்டில் இருமுவது கூடக் கேட்கும்.

வெள்ளையம்மா அத்தை எங்கள் தறிகளுக்குத் "தார்" சுற்ற வந்தவள்; ஊடைநூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கும் வேலை. மழை பொய்த்து, திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் மகன் மாடசாமிக்கு என் வயது. நூல் மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் ஒன்றாகவே வளர்ந்தோம். கோவிலுக்கு ஓடிப்போய் புற்றுமண்ணை வாயில் போட்டுக்கொண்டு, இனி எந்தப் பாம்பும் நம்மைக் கடிக்காது என்று அவனுக்குத் தைரியம் சொன்னது நான்தான்.

நான் வயதுக்கு வந்ததும் அவன் கொட்டகை வாசலோடு நிற்கவேண்டும் என்றாகிவிட்டது. "அவுக வேற ஆளுக" என்று சித்தப்பா ஒரே வரியில் முடித்தார். அதற்கு அர்த்தம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் தறிக்கே வேலைக்கு வந்தபோது எனக்கு இருபது முடிந்திருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளேயே பேசி வளர்ந்த எங்களுக்கு உதட்டசைவு போதும். அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோகிற சாக்கில் அவன் தறியைக் கடக்கும்போது ஒரு வார்த்தை, திரும்பி வரும்போது ஒரு வார்த்தை. அது காதல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டதேயில்லை. ஒரு நாள் அவன் காய்ச்சலில் வராதபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்க விடாமல் ஒரு பெயர் எப்போதும் கூடவே இருந்தது. அடுத்த தெரு செல்வியக்கா, பஸ் கண்டக்டர் ஒருவரை விரும்பியவள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் "வயித்து வலி" வந்து இறந்துபோனாள் என்றார்கள். மத்தியானத்துக்குள் எரித்தும் விட்டார்கள். செத்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய் வந்த அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அதன்பிறகு எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் நாங்கள் வயிறு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்கே பயந்தோம்.

எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்த மறுநாள் மத்தியானம், பதற்றத்தில் உதட்டசைவு போதாமல், மாடசாமியிடம் கத்தியே சொன்னேன்:

"என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. கடைசி இரண்டு சொற்கள் கொட்டகை முழுக்கக் கேட்டன. துணி மடித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். சித்தப்பா மெதுவாக எழுந்தார். வெள்ளையம்மா அத்தை கையிலிருந்த தாரைக் கீழே வைத்துவிட்டு, மகனின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

யாரும் என்னை அடிக்கவில்லை. ஒரு சொல் திட்டவில்லை. அடித்திருந்தால் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். அப்பா என் முகத்தைப் பார்ப்பதை விட்டார். சித்தப்பா வேளாவேளைக்கு வந்து, அறைக்குள் அவரோடு தணிந்த குரலில் பேசினார். நான் சாப்பிடுவதுபோல் நடித்து, சோற்றை முற்றத்துக் காக்கைக்குப் போட்டுவிட்டு, அது பறந்துபோகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டொரு நாள் கழித்து, அப்பாவும் சித்தப்பாவும் வெளியே போயிருந்த முற்பகலில், அம்மா ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினேன். வாய்வரை கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். குடிக்க முடியவில்லை, கீழே வைக்கவும் பயம். அம்மா என்னையே பார்த்தாள். எனக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் புரிந்த அந்த நொடியில் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. டம்ளரை வாங்கி, பாதியை அவள் குடித்தாள். மீதியை என்னிடம் தந்தாள்.

"குடிட்டி. குடிச்சிட்டு கெளம்பு. அவுக பேசுனத நான் கேட்டுட்டேன். இன்னும் இருந்தா ஒனக்கும் வயித்து வலின்னு ஊருக்குச் சொல்லிருவாக. வெள்ளையம்மாட்ட சொல்லிட்டேன், அவன் ராசபாளையம் பஸ் ஸ்டாண்டுல நிப்பான்."

"ஒன்னய என்ன செய்வாகம்மா?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிடுதேன்."

கரிவலம்வந்தநல்லூரில் பஸ் நின்றபோது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அது யாரோ பால்காரர். ராஜபாளையத்தில் மாடசாமி ஒரு மஞ்சள் பையோடு நின்றிருந்தார். அவர் உதடுகளும் வெளுத்திருந்தன. கோயம்புத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அங்கேயே மில்லில் வேலை, வாடகை வீடு, இரண்டு பெண்கள். கடைத்தெருவில் யாராவது "என்னலே" என்று திருநெல்வேலித் தமிழில் பேசினால், ஊர்ப்பேச்சு கேட்ட மகிழ்ச்சிக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குப் பல வருடங்கள் இருந்தது. கூடப்பிறந்த எங்கள் பேச்சையே நாங்கள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினோம்.

அப்பா இறந்த பிறகுதான் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். அவர் அடிக்கவில்லையாம். ஆனால் அதன்பின் சாகும்வரை அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இதை அம்மா பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே, ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். இப்போது அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நானும் மாடசாமியும் ஊருக்குப் போயிருந்தோம். கொட்டகை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் விற்கும் கடை, கண்ணாடிச் சுவரோடு. சித்தப்பா இல்லை; அவர் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். தெருவில் எங்களைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பேசிக்கொண்டே நடந்த நான், பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். அவர் தூரத்தில், எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல, கடைகளைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.

நின்றேன். பக்கத்தில் வரச் சொல்லிக் கையசைத்தேன். அவர் இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"நீ முன்னால போ கோமதி. நான் வாரேன்."