சிங்கப்பூர் ஆபரேஷனுக்கு ஒரு ஸ்வெட்டர்

இரண்டு மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் உங்களைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். காரணம் ஒரு ஸ்வெட்டர்.

சித்திரை மாத வெயில். புதுக்கோட்டையில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. அப்போது என் வீட்டுக்காரர் ஒரு பையோடு வந்தார். உள்ளே மெரூன் கலரில் முழுக்கை ஸ்வெட்டர்!

"யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில ஏசி எலும்பு வரைக்கும் ஏறுமாம்."

கேட்டீர்களா? நெஞ்சுக்குள் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இவர் ஸ்வெட்டர் வாங்கப் போயிருக்கிறார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் கீழ ராஜ வீதிப் பக்கம் பைப், குழாய், ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. எந்த வீட்டில் எங்கே லீக் என்று ஃபோனிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தத் திமிர்தான் எங்களுக்கு வில்லனாக வந்து சேர்ந்தது.

திருச்சியில் அந்த டாக்டர் பொறுமைசாலி. பேப்பரில் இதயத்தை வரைந்து காட்டினார். இங்கே அடைப்பு, இங்கே அடைப்பு, இங்கேயும். இவை இருக்கும் இடம் அப்படி, ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்க முடியாது. அதனால் காலிலிருந்தும் நெஞ்சுக்குள்ளிருந்தும் ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைத் தாண்டி ஒரு புதுப் பாதை போடுவோம்... இவ்வளவுதான் பைபாஸ் என்றார்.

எனக்கே புரிந்துவிட்டது. இவர் மட்டும் பேப்பரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உள்ள இருக்கற அடைப்பு?"

"அது அப்படியே இருக்கும். அதை எடுக்கத் தேவையில்லை. ரத்தம் போய்ச் சேர்ந்தால் போதும்."

காரில் ஏறினோம், விராலிமலை வந்தது, மயில் ஒன்று ரோட்டைத் தாண்டியது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவருக்குத் தொழில் தெரியல."

"யாருக்கு?"

"டாக்டருக்கு. அடைப்பை எடுக்காம விடுறதுக்கா நெஞ்சைப் பொளக்கணும்? இதே வேலையை நான் ஒரு வீட்டுல பாத்தேன்னா கஸ்டமர் சும்மா விடுவானா? சிங்கப்பூர்ல எல்லாம் மெஷினை விட்டு உறிஞ்சி, க்ளீனா எடுத்துருவான்!"

சிங்கப்பூரில் எங்கள் மகன் கார்த்தி இருக்கிறான். அப்பா கேட்கிறாரே என்று ரிப்போர்ட்டை எல்லாம் அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினான். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது: இங்கேயும் இதே ஆபரேஷன்தான், இங்கேயும் அடைப்பு உள்ளேயேதான் இருக்கும், உங்கள் ஊரிலேயே நன்றாகச் செய்கிறார்கள், பிறகு செக்கப்புக்கும் பக்கம், எதற்கு அலைகிறீர்கள்?

இதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். முடிந்ததும் இவர் சொன்னார்: "சின்னப் பொண்ணா இருக்கும். பெரிய டாக்டரப் பாக்கச் சொல்லு."

அப்புறம் பாஸ்போர்ட். காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்க போட்டோ எடுத்தார். காது சரியாகத் தெரியவில்லை என்று மறுபடி எடுத்தார். அப்புறம் முகம் வாட்டமாக இருக்கிறதாம், தெளிந்ததும் எடுப்பாராம். ஒரு பக்கம் பாஸ்போர்ட் நகரவில்லை. இன்னொரு பக்கம், "எனக்கு ஃபாரின்ல ஆபரேஷன்" என்று தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. இஸ்திரி போடுகிறவர், "எனக்குத் தைலம் வாங்கி வரச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போகிறார்!

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடையிலிருந்து மாடிக்கு வரும்போது பாதிப் படியில் நின்றுவிடுவார். உடனே சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்ப்பார். "என்னங்க?" என்றால், "வாட்ஸ்அப்" என்பார். ஃபோனில் வெளிச்சமே இருக்காது. கறுப்பு ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். நானும் தெரியாத மாதிரி உள்ளே போய்விடுவேன். அடுப்பு முன்னால் நின்று, மிச்சப் படி ஏறும் சத்தம் வரும் வரை காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும் எனக்கு.

இப்படி இருக்கும்போதுதான் ஜமால் பாய் வந்தார். கட்டுமாவடிக்காரர். படகு வைத்திருக்கிறார். சில வருஷம் முன்னால் மாடி கட்டினார். அந்த ஊர் உப்புத் தண்ணீர் உங்களுக்குத் தெரியுமல்லவா... மாடி பாத்ரூமில் சுவருக்குள் போகும் பைப் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டதாம். நான் மோர் கொண்டுபோய்க் கொடுக்க இறங்கியபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அடைப்பை எடுக்கணும்னா சுவத்தை ஒடைக்கணும்ங்கறாங்க. டைல்ஸ் எல்லாம் போயிரும். வீட்டுல ஒரே ரகளை."

"யாரு ஒடைக்கச் சொன்னது? ஒண்ணும் ஒடைக்காதீங்க பாய். பழைய லைனை அப்படியே மூடி டெட் பண்ணிட்டு, டேங்க்ல இருந்து வெளிப்பக்கமா புதுசா ஒரு லைன் இறக்குங்க."

"அப்ப உள்ள இருக்கற அடைப்பு?"

"அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது! ஒங்களுக்குத் தண்ணி வந்தாப் போதும்ல?"

மோரைக் கொடுத்துவிட்டு நான் அங்கேயே நின்றுகொண்டேன். பாய் அதோடு விட்டாரா? ஒரு அட்டைப்பெட்டியை மேஜை மேல் வைத்தார். மலேசியாவிலிருந்து மகன் அனுப்பிய ஷவர் செட்.

"இதையும் மாட்டிரலாமாண்ணே?"

"வேணாம் பாய். ஐட்டம் நல்ல ஐட்டம்தான். ஆனா நாளைக்கு ஒரு ரிப்பேர்னா மலேசியாவுல இருந்தா ஆள் வருவான்? கூப்பிட்டா வந்து பாக்க, இங்கிட்டு ஆள் இருக்கணும். அத மாதிரிப் பாத்துப் போடுங்க."

இதற்கு மேல் நான் சும்மா இருந்தால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

"என்னங்க, திருச்சி டாக்டரும் சிங்கப்பூர் டாக்டரம்மாவும் இதையேதானே சொன்னாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படித் தொழில் தெரியாமப் போச்சு?"

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. நான் முழுக் கதையையும் சொன்னேன். ஸ்வெட்டர் உட்பட.

பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஷவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அண்ணே, நான் ஒங்க பேச்சைக் கேட்டு லைன் இறக்கப் போறேன். நீங்க யாரு பேச்சைக் கேப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இவர் பைப் வளைவில் மாட்டும் எல்போ ஒன்றை எடுத்துத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பயமா இருக்குடி."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி. இவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"அடைப்பை நெனச்சு இல்ல. அந்த நேரத்துல இதயத்தையே நிறுத்தி வைப்பாங்களாம். மெஷின்தான் ரத்தத்தை ஓட்டுமாம். மெயின் வால்வை மூடிட்டு வேலை பாக்குறது மாதிரி. நான் எத்தனை வீட்டுல மூடியிருக்கேன்... முடிச்சுட்டுத் திறக்கறப்ப தண்ணி வரலைன்னா?"

"வரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா நீங்க பாதிப் படியில நிக்கிறதை என்னால இனிமே கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுங்க. அது வாட்ஸ்அப் இல்லன்னு எனக்கும் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அன்று இரண்டு பேரும் கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதோம். எல்போ வாங்க வந்த ஒருவர் அப்படியே திரும்பிப் போனார்.

நாம் எல்லோரும் இப்படித்தானோ? பயம் வந்தால் அதைத் தூக்கித் தூரத்தில் வைக்க நமக்கு ஒரு சிங்கப்பூர் தேவைப்படுகிறது. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதோ, அண்ணன் தம்பி சண்டையைப் பேசித் தீர்ப்பதோ... எதற்கும் ஒரு பாஸ்போர்ட் போட்டோ சரியாக வராமல் இருக்கிறது. வெளிநாட்டில் வைத்தியம் செய்துகொள்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் நோய், அவரவர் வசதி. ஆனால் ஊர் திரும்பிய பிறகு தையலை யார் பார்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சியில்தான் ஆபரேஷன் நடந்தது. ஸ்வெட்டர் வீண் போகவில்லை. தியேட்டர் வாசலில் நான்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏசியா, பயமா தெரியவில்லை. கார்த்தி லீவு போட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினார். "நல்லா முடிஞ்சதும்மா. ரத்தம் நல்லா ஓடுது" என்றார். அந்த மனிதரின் காலில் விழாத குறை.

தொண்டைக் குழாயை எடுத்ததும் இவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "பாய் லைன் இறக்கிட்டாரா?"

போன வாரம் வீட்டுக்கு வந்தோம். மெதுவாகப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் முன்னால், நான் பின்னால். நெஞ்சை ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

பாதிப் படியில் நின்றார். ஃபோனை எடுத்தார்.

நான் இரண்டு படி தாவி ஏறினேன். "என்னங்க? என்னங்க செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. ஏன் கத்துற? பாய் வீடியோ அனுப்பியிருக்காரு. மாடியில தண்ணி என்னமாக் கொட்டுது பாரு!"

எட்டிப் பார்த்தேன். சத்தியமாக வாட்ஸ்அப்தான்.