எட்டாம் மாசத்துக் குழந்தை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. இப்போது ஞாபகமும் நழுவுகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கண் காட்ட சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வியும் அதே பஸ்ஸில் வந்தாள். கூட மகள் யாழினி, மாமியார் பாக்கியம். அவர்களும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான்.

யாழினி இரண்டாம் வகுப்பு. சேட்டை கிடையாது. வகுப்பில் உட்காருவாள்... கவனம் மட்டும் எங்கேயோ இருக்கும். எழுதுகிற வரி பாதியிலேயே நிற்கும். 'டாக்டரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு ஸ்கூல் பாருங்கள்' என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்களாம்.

வழியெல்லாம் பாக்கியத்தின் வாய் ஓயவில்லை.

"எல்லாம் இவ செல்லு குடுத்துக் கெடுத்தது. சோறு ஊட்டணும்னா செல்லு, தல வாரணும்னா செல்லு..."

செல்வி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். எனக்கு நடுவில் பேச வராது.

என் வேலை சீக்கிரம் முடிந்தது. "நீங்களும் கூட வாங்கக்கா" என்று செல்வி கையைப் பிடித்ததால் குழந்தை டாக்டர் அறைக்கும் போனேன். டாக்டரம்மா செல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"எத்தனாவது மாசத்துல பொறந்தா?"

செல்வி மாமியார் முகத்தைப் பார்த்தாள். "நெறமாசம் டாக்டர்."

"எடை?"

"மூணு கிலோ..."

எங்கள் தெருவுக்குச் சொன்னதும் இதுதான். எட்டாம் மாசக் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. பெண்ணாக இருந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சிலும் கிளறுவார்கள். அதனால் நிறைமாசம் என்று சொல்லிவிடுவது. சரி, சொந்தக்காரருக்குச் சொன்னதை டாக்டருக்குமா சொல்வது?

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது தப்பாயிட்டா நான் பாக்கறதும் தப்பாயிடும்" என்றார் டாக்டரம்மா.

செல்வி தலை குனிந்துகொண்டாள். பாக்கியம்தான் வாய் திறந்தாள்.

"அத எழுதாதீங்கம்மா... எட்டாம் மாசம். ஒண்ணர கிலோதான் இருந்தா. கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. நான்தான் வெளிய சொல்லாதன்னேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "முன்னாடியே பொறந்து, எடையும் கொறஞ்சா கவனக் கொறை வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாருக்கும் வராது. குடும்பத்துல யாராச்சும் இப்படி உண்டா?"

"எம் மவன்தான்! கடைக்குப் போயிட்டு, எதுக்கு வந்தேன்னு போன் போட்டுக் கேப்பான்."

"நேத்துகூடக் கேட்டாரு அத்த" என்றாள் செல்வி. அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

குடும்பவழியாகவும் வருமாம். காதும் கண்ணும் பார்க்க வேண்டும், டீச்சரிடமும் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இதுதான் என்று சொல்ல முடியுமாம். 'செல்லைக் குறைப்பது நல்லது. ஆனால் அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள்' என்றார். அதுவரை ஸ்கூலை மாற்ற வேண்டாம், முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி நானே பேசுகிறேன் என்றும் சொன்னார்.

சாயங்காலம் தெருமுனையில் ஒரு அம்மா வழிமறித்தாள். "என்ன சொன்னாங்க? செல்லுதானே?"

செல்வி நின்றுவிட்டாள். பாக்கியம் நிற்காமலே சொன்னாள்:

"செல்லும் இல்ல, கில்லும் இல்ல. எட்டாம் மாசம் பொறந்தவ. பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னாங்க. பாத்துக்குவோம்."

டாக்டர் சொன்னதை என் காதுக்கு எட்டிய மட்டும் எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பிருந்தால் திட்டு எனக்கு — செல்வி வாங்கியது போதும்.