வாய்ப்பூட்டுப் போட்ட வாசகசாலை

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஆண்டு விழாவாம், மலர் போடுகிறார்களாம். போன வாரம் இரண்டு இளைஞர்கள் வீடு தேடி வந்து, அந்தக் காலத்து ஆட்களில் நான் ஒருத்திதான் மிச்சம் என்றும், வாசிப்பு எப்படி நம் ஊரை ஒன்றாக்கியது என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். மலரில் முதல் பக்கத்தில் யார் படம் என்று கேட்டேன். ஸ்தாபகச் செயலாளர் படம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மேல் கோபமில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்? எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். எழுதியது இதுதான். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

வாசிப்பு ஊரை ஒன்றாக்கியது நிஜம். ஊர் ஒன்றாவதைப் பார்த்துப் பொறுக்காமல் அந்த வாசிப்பின் வாயை மூடியவர்தான் படத்தில் மாலையோடு இருக்கிறவர். அதற்குப் பிறகு பல வருஷம் ஊருக்குப் பேப்பர் வாசித்துச் சொன்னது எங்கள் தையற்கடையில், நான். அதைப் பற்றி மலரில் ஒரு வரி கிடையாது. அது போகட்டும், எனக்குப் பேர் வேண்டாம். ஆனால் கருப்பட்டி விற்றவளுக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் என் கட்டை வேகாது.

கொட்டாரத்துக்கும் அஞ்சுகிராமத்துக்கும் நடுவில், ரோட்டுக்கு ஒரு பக்கம் வயலும் மறு பக்கம் பனங்காடுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. முப்பதுகளில் வயல்காரர்கள் ஒரு பக்கம், பனையேறிகள் ஒரு பக்கம். விற்கிறது வாங்குகிறது உண்டு, அதற்கு மேல் பேச்சு கிடையாது. ரோட்டோரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம்தான் வாசகசாலை. அதற்கு நேர் எதிரே என் வீட்டுக்காரரின் தையற்கடை. அவர் மெஷினை மிதிப்பார், நான் பின்னால் உட்கார்ந்து காஜா எடுப்பேன், பொத்தான் தைப்பேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அவருக்கு அளவு குறிக்கத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் ஓடாது.

ஊருக்கு வருவது ஒரே ஒரு பேப்பர். நாகர்கோவிலிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து சேரும். வந்ததும் பள்ளிக்கூட வாத்தியார் அதைப் பிரித்து வாய்விட்டு வாசிப்பார். அப்போதெல்லாம் பேப்பர் என்றால் ஒருவர் வாசிக்க ஊர் கேட்கும், அதுதான் வழக்கம். உள்ளே பெஞ்சுகளில் வயல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பனையேறிகள் உள்ளே வரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் நிற்பார்கள். எந்தச் சாதியானாலும் பெண்பிள்ளைகளும் வெளியேதான். குரலுக்கு மட்டும் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது. வாத்தியார் குரல் எங்கள் எல்லார் காதிலும் ஒரே மாதிரிதான் விழுந்தது.

பேப்பரில் வாராவாரம் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போன ஒரு பெண்ணின் கதை. அவள் திரும்பிப் போக வேண்டுமா கூடாதா என்று ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கட்சி வயல் என்றும் பனை என்றும் பிரியவில்லை. நெல் அறுக்கிறவளும் பதநீர் காய்ச்சுகிறவளும் சேர்ந்து அவள் போகக் கூடாது என்றார்கள். வயல்காரர் ஒருவரும் பனையேறி ஒருவரும் ஜன்னலுக்கு உள்ளும் புறமுமாக நின்று, போகாமல் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒத்துப் பேசினார்கள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்திராத ஆட்கள். வாரச்சந்தையிலும் அந்தப் பேச்சுதான். என் வீட்டுக்காரரோ அவள் போகட்டும், பாவம் அந்த மனுஷன் என்பார். அதற்காக நான் அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தப் பேச்சு செயலாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் வக்கீல். வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கூடமும் அவர் குடும்பத்துடையது. நாகர்கோவில் மேடைகளில் சமத்துவம் பற்றி அவர் பேசினால் கல்லும் கரையும் என்பார்கள். ஒரு நாள் அவர் பேசிய பேச்சே பேப்பரில் வந்துவிட்டது. வாத்தியார் அதை உற்சாகமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எங்கள் ஊர் வாசகசாலையில் சாதி பேதம் என்பதே கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பமாய் அமர்ந்து படிக்கிறோம் என்று அதில் இருந்தது. செயலாளர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற பனையேறி ஒருவர், நக்கலாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி, "பின்ன நாங்க எதுக்காக்கும் வெளிய நிக்கது?" என்று கேட்டார்.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வயல்காரர்களில் ஒருவர்தான். வெளியே சிரித்திருந்தால்கூட செயலாளர் பொறுத்திருப்பார்.

அடுத்த வாரம் வாசகசாலை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'அமைதி காக்கவும். இங்கு வாய்விட்டுப் படிக்கக் கூடாது.' பட்டணத்து நூலகங்களில் எல்லாரும் மனசுக்குள்தான் படிக்கிறார்கள், இரைந்து படிப்பது நாகரிகமில்லை என்று செயலாளர் விளக்கம் சொன்னாராம். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். உங்களுக்கு இடமில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சாதிப் பேச்சே எடுக்கவில்லை. சத்தத்தை நிறுத்தினார், வெளியே நின்ற அத்தனை பேரும் தாமாகவே விலகிப் போய்விட்டார்கள். நேராக அடித்துத் துரத்துகிறவனையாவது திட்டலாம். நாகரிகம் என்று சொல்லித் துரத்துகிறவனை என்ன செய்வது? வாத்தியார் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

உள்ளே இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவர்களும் பேப்பரில் ஆளுக்கொரு தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தார்கள். பாவம், வெளியே நிற்கிறவர்களைத் தடுக்கத் தங்கள் காதையும் அடைத்துக்கொண்டார்கள். தொடர்கதைப் பெண் என்ன ஆனாள் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று. ரோடு பழையபடி வயலையும் பனையையும் பிரித்துப் போட்டது.

அந்தச் சமயத்தில்தான் இலங்கையில் காய்ச்சல் என்று பேச்சு வந்தது. தூத்துக்குடிக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு. அங்கே கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்றார்கள். எந்த ஊரில், எத்தனை பேர் என்று எதுவும் தெளிவாகத் தெரியாது. எங்கள் பக்கத்திலிருந்து கண்டித் தோட்டங்களுக்குப் போன ஆட்கள் அனேகம். பனங்காட்டிலிருந்து ஓலைக் கடவப் பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்து விற்கிற அக்காவின் ஒரே மகனும் அங்கேதான் தேயிலைத் தோட்டத்தில் வேலையில் இருந்தான். தொடர்கதைப் பெண் போகவே கூடாது என்று ஜன்னலோரம் நின்று அடித்துப் பேசினவள் அவள்தான். நல்ல வாய். ஆனால் மகனைப் பற்றிய பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பஸ் போன பிறகு அவள் வருவாள். ஜன்னலோரம் போய் உள்ளே பார்த்து மெல்ல ஏதோ கேட்பாள். உள்ளே இருந்து ஒரு விரல் வாசல் பக்கம் நீளும். அவள் வாசலுக்கு நகர்ந்து, கடவத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பாள். வெகுநேரம் நிற்பாள். பிறகு கடவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இதைப் பல நாள் பார்த்துக்கொண்டே காஜா எடுத்திருக்கிறேன். களைப்பாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ரோட்டைத் தாண்டி எங்கள் கடைப் படிக்கு வந்தாள்.

"ஒனக்கு எழுத்துத் தெரியுமே மக்கா. கொழும்புச் சேதி உண்டுமான்னு கேட்டா, விரல நீட்டி அந்தப் பலகயக் காட்டுதாவ. செத்தவங்க பேரு அதிலதான் எழுதிப் போட்டிருக்காவ போல. எனக்க மவனுக்க பேரு அதில உண்டுமான்னு பாத்துச் செல்லு."

இத்தனை நாளும் அந்தப் பலகை முன்னால் அவள் எதற்காக நின்றாள் என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு சாயங்காலமும் தன் மகன் செத்துவிட்டானா என்று பார்க்க, தனக்குத் தெரியாத எழுத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். விரல் நீட்டினவர்கள் அவள் நின்றதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

அதில் ஒருத்தர் பேரும் இல்லை என்று சொன்னேன். பின்னே என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது.

"சத்தம் போடப்பிடாதா?" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. "நான் சத்தம் போடலியே மக்கா. மெல்லத்தானே கேட்டேன்."

கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்தி, "ஏட்டி, எங்க போற?" என்றார். எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தடுக்கவில்லை. அதற்காக அவரைக் கடைசி வரைக்கும் மதித்தேன்.

நேரே வாசகசாலைக்குள் போனேன். அதுவரை அந்தப் படியை மிதித்த பெண் கிடையாது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், செயலாளரும் வாத்தியாரும் இருந்தார்கள். செயலாளர் எழுந்துவிட்டார். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்கு நன்றாக இரையத்தான் ஆசை, ஆனால் இரைய முடியவில்லை. அவர் போட்ட சட்டமாயிற்றே. தொண்டைக்குள்ளேயே, "வெளிய போ" என்றார். நான் காதில் வாங்கவில்லை. மேசையில் கிடந்த அன்றைய பேப்பரை எடுத்துப் புரட்டினேன், அதில் எதுவும் இல்லை. பழைய பேப்பர்கள் மூலையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். யாரும் கிட்டே வரவில்லை. ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே இழுக்க எவருக்கும் துணிச்சல் இல்லை, சத்தம் போட்டு ஆள் கூப்பிடவும் வழியில்லை.

கிடைத்தது. போன வாரத்துப் பேப்பர்கூட இல்லை, அதற்கும் முந்தின வாரத்தது. ஜன்னலோரம் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் ஜெபப் பாட்டுக்குத் திறந்த தொண்டையை முழுசாகத் திறந்து வாசித்தேன். சமவெளிக் கிராமங்களில்தான் காய்ச்சல் கடுமையாக இருக்கிறது. ஆறு வற்றிப்போய்த் தேங்கின தண்ணீரில் கொசு பெருகியதால் வந்தது. மருந்து கொடுக்க ஆட்கள் போயிருக்கிறார்கள். உயரமான மலைத் தோட்டங்களை இந்த நோய் தொடவில்லை. அங்கே வேலைக்குப் போனவர்களின் வீட்டார் வீணாகக் கலங்க வேண்டாம்.

குரல் கேட்டு ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். பனங்காட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள், அவர்கள் வீட்டு ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர் மண்வெட்டியோடு நின்றார். கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். இன்னொரு தரம் கேட்டார்கள். வாசித்தேன். எனக்கு அழுகை முட்டியது, ஆத்திரம் அதைவிட அதிகமாக முட்டியது.

கருப்பட்டிக்கார அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, அது எப்போது வந்த பேப்பர் என்று கேட்டாள். போன வாரத்துக்கும் முந்தினது என்று சொன்னேன். அத்தனை நாளையும் விரல் மடக்கி எண்ணினாள். பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். என்னைத் தாண்டி உள்ளே செயலாளரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒத்த வாக்கு செல்லியிருந்தா, நான் ஒரு வாய் கஞ்சி குடிச்சிருப்பேனே அய்யா."