மற்றும் பலர்

கண்டாவளையில் எஸ்தர் ஞானபாய் ரீச்சருக்கு இருந்த மரியாதை வேறெவருக்கும் இருந்ததில்லை. அவர் வீதியில் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டினார்கள். கிணற்றடியில் நின்ற பெண்கள் கதையை நிறுத்திவிட்டு வாளியைப் பார்த்தார்கள். பாதியில் நின்ற சிரிப்புக்கூட அவர் கடந்துபோகும்வரை காத்திருந்தது. ஒரு மனிதரோடு ஒருவரும் பேசாமல் இருப்பதற்கு உலகம் கண்டுபிடித்த வழிகளுக்குள், மரியாதையைப்போல் குற்றம் பிடிக்க முடியாதது வேறில்லை.

ரீச்சர் நாகர்கோவில்காரர். கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்க இங்கே ஆள் கிடைக்காத காலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் மாறிப் பரந்தனில் வந்து இறங்கியவர். அவர் புறப்பட்டபோது அவருடைய ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அவர் இங்கே பின்னக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் ஒரு சொல் கேட்காமல் அது சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஊரை விட்டு வந்தவர் என்று அவரைச் சொல்வதா, ஊர்தான் அவரை விட்டுப்போனது என்று சொல்வதா என்பது அறிஞர்கள் கூடித் தீர்க்கவேண்டிய விடயம்.

தமிழ்தானே, போனவுடன் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து வந்தவர். ஒட்டவில்லை. அவர் "ஆமா" என்றார். ஊர் "ஓம்" என்றது. அவர் எதையும் "ஆக்கும்" என்று முடித்தார். ஊர் அதை ஒரு பரீட்சை வினாவைப்போலக் கேட்டுத் தலையாட்டியது. அவரோடு பேசியே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ரீச்சர், எப்ப ஊருக்குப் போறியள்?"

அன்பாகத்தான் கேட்டார்கள். வந்து ஒன்பது வருடம் கழிந்தபிறகும் அன்பாகவே கேட்டார்கள்.

உண்மையில் அவருக்குப் போக இடமில்லை. தாய் தகப்பன் இல்லை. வீடு தம்பிக்குப் போய்விட்டது. தமக்கைமார் மூவரும் கிறிஸ்மசுக்கு ஒரு கடிதம் போடுவார்கள். அதிலும் பாதி, பிள்ளைகளின் மார்க்குகள். ஆதலால் வருடந்தோறும் அவர் விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பித்தார். ஒருவரும் கதைக்காத ஊரில் தொடர்ந்தும் கதைக்கப்படாமல் இருப்பதற்கு இரண்டு அரசாங்கங்களின் அனுமதி வேண்டியிருந்தது. அதற்கு ஊர்த் தலைமைக்காரரான விதானையார் இளையதம்பி நன்னடத்தை அறிக்கை கொடுக்கவேண்டும். அவர் கொடுக்காவிட்டால் அடுத்த கப்பல்.

கேட்க ஆளில்லாத சிந்தனைகள் மனிதருக்குள் பெருகக்கூடியவை. ரீச்சர் அவற்றை மாலை நேரத்தில் கோழிகளுக்குத் தவிடு குழைத்தபடி சொல்லித் தீர்த்தார். பெட்டைகள் மூன்றுக்கும் தமக்கைமாரின் பெயர்களையே வைத்திருந்தார்: ரோஸ்பாய், செல்லத்தாய், ஞானப்பூ. இதில் கோபதாபம் ஒன்றுமில்லை, அந்தப் பெயர்களை வாயால் சொல்லிப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை. சேவலின் பெயர் மாசிலாமணி.

பத்திரிகை குறித்து அவர் சொன்னது: "கொழும்பிலே அச்சடிச்சு, பரந்தன் வந்து, அங்கேயிருந்து யாராவது கொண்டு வரணும். மந்திரி ராஜினாமா செஞ்சு, சமாதானமாகி, மறுபடி வந்து உக்காந்தப்புறம்தான் அவர் போனதுக்கு நாம கவலைப்பட ஆரம்பிக்கோம். நம்ம கவலையெல்லாம் பழசாக்கும், ரோஸ்பாய்."

தண்ணீர் இறைக்கும் மிசின் குறித்து: முன்பு துலாவில் ஒருவர் மிதிக்க, ஒருவர் தண்ணீர்ப் பட்டையைக் கவிழ்க்க, இருவரும் விடியவிடிய ஊர்க்கதை கதைத்தார்கள். இப்போது மிசின் ஒன்றே கதைக்கிறது. மற்றவர்கள் அதற்கு எண்ணெய் வார்க்கிறார்கள்.

செல்லத்தாய் பெரும்பாலும் உடன்பட்டாள். மாசிலாமணிதான் ஆண்களுக்குரிய உரிமையோடு இடைநடுவில் கத்துவான்.

வானொலி குறித்து ரீச்சருக்கு முடிந்த முடிபு எதுவும் இருக்கவில்லை. விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது கைப்பை அளவில் ஒரு ரான்சிஸ்டர் வாங்கி வந்திருந்தார். விதானையார் வீட்டில் இருந்ததோ அலுமாரியின் தம்பி போன்ற பெரிய றேடியோ. அதற்கு உயிர்கொடுக்கும் பற்றறியை வண்டில்காரர் கதிர்காமநாதன் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நேயர் விருப்பம் தொடங்கும் நேரம் ஊரில் பாதி விதானையாரின் முற்றத்தில் இருக்கும். மறுபாதி வேலியோரம் நிற்கும். வேலியோரம் நிற்கிறவர்களுக்கும் தனக்கும் இடையில் ஒரு வளவுதான் தூரம் என்பதும், ஒருவரும் "வாருங்கோ ரீச்சர்" என்று சொல்லமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தன. ரீச்சரை நிலத்தில் பாயில் இருத்தினால் மரியாதை என்னாவது? வீட்டில் இருந்த நல்ல கதிரை ஒன்றே ஒன்று. அதில் விதானையார் இருந்தார்.

ஆகவே ரீச்சர் தன் அறைக்குள், அதே குரலை, அதே நேரத்தில், தனியாகக் கேட்டார்.

கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. ஊர் பாட்டுக் கேட்க வரவில்லை. பெயர் கேட்கவே வந்தது. அட்டை அனுப்பியவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கும்போது முற்றத்தில் ஒரு குஞ்சும் அசையாது. பாட்டுத் தொடங்கியதும் பற்றறியை மிச்சம் பிடிக்க விதானையார் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அறிவிப்பாளர் மூச்சு வாங்குவதற்காகச் செய்த ஏற்பாடே பாட்டு என்று ஊர் எண்ணியது. பெயர்களும் ஒன்றிரண்டாக வருவதில்லை. தகப்பன், தாய், மாமி, மச்சான், நேற்றுப் பிறந்த பிள்ளை என்று ரயில்பெட்டி மாதிரி வரும். ஒரே ஒரு பெயரோடு வந்த அட்டை ஒன்றைக்கூட ரீச்சர் கேட்டதில்லை. தனியாக ஒருவர் பாட்டுக் கேட்பது நன்னடத்தைக்கு அவ்வளவு பொருத்தமில்லை போலிருந்தது.

அவரும் ஒரு தபால் அட்டை எடுத்தார். தன் பெயரை எழுதினார். அது அட்டையில் மிகவும் சின்னதாகத் தெரிந்தது. வெளியே செல்லத்தாய் முட்டையிட்டுவிட்டு அதை அறிவித்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் மேலும் நான்கு பெயர்களை எழுதினார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. "கண்டாவளையிலிருந்து," என்றது றேடியோ. முற்றம் நிமிர்ந்தது. "எஸ்தர் ஞானபாய், ரோஸ்பாய், செல்லத்தாய், ஞானப்பூ, மாசிலாமணி."

பாட்டு ஆரம்பித்தது. அன்று விதானையார் சத்தத்தைக் குறைக்கவே மறந்துபோனார்.

"இதென்ன கோதாரி," என்றார். "ரீச்சர் வீட்டில அஞ்சு பேரோ?"

"மாசிலாமணி எண்டது ஆம்பிளைப் பேர்," என்றார் அவர் மனைவி விமலேஸ்வரி. இதைச் சொன்னபோது அவர் வெற்றிலை மெல்லுவதையும் நிறுத்தியிருந்தார்.

"சந்தியில கடை வைச்சிருக்கிற எனக்குத் தெரியாமல் ஒரு ஆம்பிளையோ?" என்றார் ஹலீம் நானா. "சவர பிளேட் வாங்க வந்திருக்கவேணுமே. அப்ப தாடிக்காரன்."

ஊர் அன்றே வேண்டிய முடிவுகளுக்கு வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து மூன்று பெண்களும் ஒரு தாடிக்காரனும் கள்ளத்தோணியில் வந்து, முல்லைத்தீவுக் கரையில் இறங்கி, காட்டுப்பாதையால் ரீச்சர் வீட்டை அடைந்துவிட்டார்கள். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஐந்து வயிறு எந்த அரிசியைத் தின்கிறது? இதுவரை ரீச்சரைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லாமல் தவித்த ஊர் ஒன்பது வருடக் கதையை ஒரு இரவில் கதைத்தது. அவரோடுதான் ஒருவரும் கதைக்கவில்லை.

மறுநாள் மாலை விதானையார் கோட்டும் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். பின்னால் விமலேஸ்வரி நடந்து வந்தார், அரசாங்க அலுவலுக்கு ஒரு பெண் சாட்சி வேண்டுமென்று அவராகவே தீர்மானித்து.

விசா விண்ணப்பம் விதானையாரின் சட்டைப்பைக்குள் இருந்தது. அதன் மூலை வெளியே தெரிந்தது. ரீச்சரின் கண் அந்த மூலையைவிட்டு அசையவில்லை.

"ரீச்சர், குறை நினைக்கப்படாது. இந்த வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

"நான் மட்டுந்தான்."

"றேடியோ அஞ்சு பேர் எண்டு சொன்னது. றேடியோ பொய் சொல்லாது."

ரீச்சருக்கு முகம் சிவந்தது. கணக்குப் படிப்பிக்கிறவர், ஒன்றை ஐந்தாக்கிய குற்றம் வேறெவர் செய்ததைவிடவும் அவருக்குப் பாரமாக இருந்தது.

"மற்றவங்க... கோழியாக்கும்," என்றார்.

"என்ன?"

"ரோஸ்பாய் கோழியாக்கும். செல்லத்தாய், ஞானப்பூ, எல்லாம் கோழி."

கடலைத் தாண்டி வந்த கள்ளர் இதைவிட நல்ல பொய் வைத்திருப்பார்கள் என்பது விதானையாரின் அனுபவம்.

"மாசிலாமணி?"

"சேவல்."

"காட்டுங்கோ."

ரீச்சர் முற்றத்தில் இறங்கி, "மாசிலாமணி, பா, பா," என்றார். வேலிக்குக் கீழிருந்து மாசிலாமணி ஓடிவந்து, கோட்டுப் போட்ட மனிதரைக் கண்டு நின்று, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அவரை விசாரிப்பதுபோலப் பார்த்தான்.

"தாடியும் இருக்கு," என்றார் விமலேஸ்வரி, சேவலின் கழுத்துக்குக் கீழே தொங்கிய சிவப்பைக் காட்டி.

"நீ பேசாமலிரு. ரோஸ்பாய்?" ரோஸ்பாய் வந்தாள். "செல்லத்தாய்?" வந்தாள். "ஞானப்பூ?"

"ஞானப்பூ வரமாட்டா. அடை கிடக்கா."

விதானையார் குசினிக்குப் பின்னால் போய்க் குனிந்து, கூடைக்குள் இருந்த ஞானப்பூவையும் பார்த்தார். அவள் அவர் விரலைக் கொத்தியதால் இந்தச் சோதனை முறைப்படி நடந்ததென்பதற்கு அத்தாட்சியும் கிடைத்தது.

விமலேஸ்வரியால் அதற்குமேல் முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, பிறகு அதையும் எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"மாசிலாமணி எண்டது ஆற்ற பேர் ரீச்சர்?"

"எங்க ஊரிலே ஒருத்தர்."

விமலேஸ்வரி மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊர் ரீச்சருக்குக் காட்டிய மரியாதைகளுக்குள் இது ஒன்றுதான் உருப்படியானது.

"ஏன் ரீச்சர் கோழியின்ர பேரைப் போட்டனீங்கள்? பக்கத்து வளவில நாங்கள் மனிசர் இருக்கிறமே. எங்கட பேரைப் போட்டிருக்கலாமெல்லே?"

"நீங்க கோவிச்சுக்கிடுவீங்கன்னு நெனச்சேன்."

"றேடியோவில பேர் வந்தால் கோவிக்கிற சனம் எங்க இருக்குது?" என்றார் விமலேஸ்வரி. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, உங்கட பேர் ஒருநாளும் வரேல்லைத்தானே?"

விதானையார் கொத்துப்பட்ட விரலைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார். சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். பிறகு, இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல, "அடுத்த அட்டை எப்ப போடப் போறியள்?" என்று கேட்டார்.

அறிக்கை நல்லபடியாக எழுதப்பட்டது. "விண்ணப்பதாரியின் வீடு நேரிற் பரிசோதிக்கப்பட்டது. அங்கு வேறு மனிதர் எவரும் இல்லை." ஒருவர் தனியாக இருக்கிறார் என்பதற்கு இவ்வளவு தெளிவான அரசாங்க அத்தாட்சி வன்னியில் அதற்கு முன் வழங்கப்பட்டதில்லை. ரீச்சர் அதை வாசித்தார். ஒரு பிழையும் இருக்கவில்லை. நன்றி சொன்னார்.

அதன்பின் ஊர் ரீச்சரின் வேலிப் படலைக்கு வந்தது. தினமும் பின்னேரம் யாராவது வந்து பெயர் சொன்னார்கள். ரீச்சர் முதல் நாளே பரந்தனுக்கு ஆள் விட்டுத் தேயிலையும் சீனியும் வாங்கி வைத்திருந்தார். வருகிறவர்கள் இருப்பதற்கு இரவல் எடுத்த மர வாங்கு ஒன்றை முற்றத்தில் போட்டார்.

"உள்ளே வாங்க, டீ போடறேன்."

"ஐயோ, ரீச்சருக்கு ஏன் கரைச்சல்? பேரை மட்டும் எழுதுங்கோ. வாறன்."

பெயரை விட்டுவிட்டு ஆள் போய்விட்டது. வாங்கில் செல்லத்தாய் ஏறி இருந்தாள்.

பெயர்களின் ஒழுங்கை விதானையார் வகுத்தார். முதலில் அவர், பிறகு விமலேஸ்வரி, பிறகு இரு பக்கத்து உறவு, பிறகு காணிக்காரர். ஹலீம் நானாவும் அவர் மனைவி ஸுஹறாவும் மகள் உம்மு ஹானியும் கடைசிக்குக் கிட்ட வந்தார்கள். பற்றறி ஏற்றும் கதிர்காமநாதன் அதற்கும் பின்னால். எல்லோருக்கும் கடைசியில், அட்டையின் ஓரத்தில், எழுதியவர் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். கோழிகளுக்கு இடமில்லாமற் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஊர் முழுதும் இருந்தது. ரீச்சர் தன் அறையில் இருந்தார். அழைப்பு வருமென்று நல்ல சேலை கட்டியிருந்தார். எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் ஒருவரும் அழைக்கவில்லை.

"கண்டாவளையிலிருந்து இளையதம்பி, விமலேஸ்வரி..." அறிவிப்பாளர் பொறுமையான மனிதர், நெடுநேரம் வாசித்தார். ஆனால் அவருக்கும் நேரம் என்று ஒன்று இருந்தது. காணிக்காரர் முடிந்த இடத்தில் மூச்சு வாங்கினார்.

"...மற்றும் பலர்," என்றார். பாட்டுத் தொடங்கியது.

பக்கத்து வளவில் பெரிய ஆரவாரம் கேட்டது. ரீச்சர் ரான்சிஸ்டரை நிறுத்தவில்லை. ஐந்து பேராக இருந்து பார்த்தாயிற்று, இப்போது பலராகவும் ஆகிவிட்டோம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். பாட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அது நல்ல பாட்டாகவும் இருந்தது. ஊரில் வேறெவருக்கும் அது தெரியாது.

பாட்டு முடிந்த கையோடு படலை அடித்துத் திறக்கப்பட்டது.

"ரீச்சர்! இதென்ன ஞாயம்?" கதிர்காமநாதன்தான். "பற்றறி சுமக்கிறவன் நான். பேர் வாசிக்கிறது அவைக்கு. நான் பலரோ?"

பின்னால் ஹலீம் நானா. "ஸுஹறா காலைமையில இருந்து புதுச் சேலையோட இருந்தவ. இப்ப என்னோட கதைக்கிறா இல்லை. நீங்கள்தான் வந்து சொல்லவேணும்."

இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் பலர். விதானையாரின் முற்றத்தில் வைத்து ஏசமுடியாத காரணத்தால் இங்கே ஏச வந்திருந்தார்கள். நின்றுகொண்டு ஏசினார்கள், கால் உளைந்தது. வாங்கில் இருந்து ஏசினார்கள். பெயர் சொல்ல ஒரு நிமிடம் போதும். குறை சொல்ல இருந்து ஆறவேண்டும்.

"நானும் பலராக்கும்," என்றார் ரீச்சர், தேநீரைக் கொண்டுவந்து வைத்தபடி. "எம்பேரும் வரல்ல."

கதிர்காமநாதன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்கட பேருமோ? எழுதினவாவின்ர பேருமோ?" கோபம் ரீச்சரை விட்டுக் கொழும்புக்குப் போயிற்று. அது போனபோது தேநீர்க் கோப்பைகள் வெறுமையாகியிருந்தன. "தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் வாருங்கோ ரீச்சர்," என்று ஹலீம் நானா கோப்பையை நீட்டினார். ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. இருட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

படலையைச் சாத்திவிட்டு வந்த ரீச்சர் கோப்பைகளை உடனே கழுவவில்லை. விளக்கை ஏற்றிப் புதிய அட்டை ஒன்றை எடுத்தார். இம்முறை விதானையாரின் உறவுகளை ஒருவர் விடாமல் சேர்த்தார். ஓமந்தையில் இருக்கும் மருமகனையும், பளையில் கட்டிக்கொடுத்த பெறாமகளையும், அவள் பிள்ளைகளையும்கூட. கதிர்காமநாதனையும் ஹலீம் நானாவையும் ஸுஹறாவையும், எவ்வளவு பொறுமையான அறிவிப்பாளரும் எட்டமுடியாத தூரத்தில், அட்டையின் அடியில் மிகக் கவனமாக எழுதினார். அவர்களுக்குப் பின்னால் தன் பெயரையும் எழுதினார்.