யுகேந்திரன் மாப்பிள்ளையின் முன் கிச்சன்

யுகேந்திரன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலில். என் அக்கா மாரியாயி மகள் கல்யாண விஷயமாகச் சுங்கை பூலோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "சீதாலெட்சுமிக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு, பேரு யுகேந்திரன்" என்றாள். எங்கள் சனத்தில் அதுவரை முனியாண்டி, சின்னப்பன், தம்புசாமி, அந்தத் தம்புசாமியின் பேர் வைத்த இன்னும் இரண்டு தம்புசாமி, அவ்வளவுதான். அக்கா அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், புதுப் புடவையைத் தடவிப் பார்ப்பது போல.

விசாரித்தால் தூரத்து ஆளும் இல்லை. அவர் அம்மா அஞ்சலை, காப்பார் தோட்டத்தில் என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அப்பா தண்டவாளத்தில் வேலை செய்தவர். மகன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிற வேலை. பெண் பார்க்க வந்த அன்று, அக்கா டின் பால் ஊற்றிக் கெட்டியாக ஆற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, மூன்றாவதும் கேட்டார். கூச்சமில்லாத பிள்ளை, வீட்டோடு ஒட்டிக்கொள்வான் என்று அக்கா பூரித்துப்போனாள். இதை மறந்துவிடாதீர்கள்.

முப்பது வருடம் கிட்ட அந்த மேசையில் இருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் கம்பெனி போதும் என்றது, இவரும் சரி என்றார். அதற்கு ஒரு விருந்து வைத்து ஆபீஸ்காரர்கள் இவரை பங்சாரில் ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கைநிறையப் பச்சை குத்தியிருந்த ஒருவர் ஒரு கறுப்புக் கோப்பியைக் கொடுத்து, மல்லிகைப்பூ வாசனை வருகிறதா என்று கேட்டாராம். இவர் யோசித்துப் பார்த்து, வருகிறது என்று சொல்லிவிட்டார். வரவில்லை என்று சொல்லியிருந்தால் குடும்பத்தில் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

எங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில் இரண்டு கிச்சன் வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. உள்ளே இருப்பது டிரை கிச்சன், வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பின்னால் ஜிங்க் கூரை போட்டு இறக்கியிருப்பது வெட் கிச்சன், சோறு குழம்பெல்லாம் அங்கேதான். கிள்ளானில் யுகேந்திரன் வீடு வரிசையில் கடைசி வீடு. அங்கே முன் கிச்சன் முழுக்க அவருடைய சாமான் ஏறியது. கொக்கு மூக்குப் போல நீண்ட மூக்குள்ள கெட்டில். கொட்டையை எடை போட ஒரு தராசு, நகைக்கடைக்காரன்கூட அத்தனை நுணுக்கமாக நிறுக்க மாட்டான். அரைக்கக் கையால் சுற்றுவது ஒன்று, கரண்டில் ஓடுவது ஒன்று. பள்ளிக்கூட லேபில் இருக்கிற மாதிரிக் கண்ணாடிக் குடுவை, கீழே விளக்கு. ஜப்பான்காரர்கள் பச்சைத் தேயிலைத் தூளை அடிக்கிற மூங்கில் துடைப்பம். நடுவில் இத்தாலி மெஷின், அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். சீதாலெட்சுமியின் இட்லிச் சட்டிக்கு அங்கே இடமில்லை. ஆவி பட்டால் மெஷினுக்கு ஆகாதாம். மெஷினே ஆவி விடத்தானே செய்கிறது என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். அது வேற ஆவி என்றார்.

போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கப் உண்டு, பரீட்சையும் உண்டு. என்ன ருசி தெரியுது என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் மருமகன் குரு, புளிக்கிறது என்று உண்மையைச் சொன்னான். அவனுக்கு நாக்குப் பழகவில்லை என்று முடிவாயிற்று. நான் கெட்டிக்காரி, மல்லிகைப்பூ என்றேன். அதிலிருந்து என்மேல் அவருக்குத் தனி மரியாதை.

யுகேந்திரன் வேலையை விட்ட மறு வருடம் என் அக்கா மாரியாயி இறந்துபோனாள். சாவு சுங்கை பூலோவில், மகன் ராதாகிருஷ்ணன் வீட்டில். சாவு வீட்டில் எங்கள் வழக்கம், பெரிய அண்டாவில் பால் சேர்க்காமல் கோப்பி போட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுவது. யுகேந்திரன் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து அதை ஒரு வாய் குடித்தார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம், இந்தத் தூளில் மார்ஜரின் போட்டு வறுத்திருக்கிறார்கள், கொட்டை கருகிப் போயிருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். ராதாகிருஷ்ணன் கையில் கேத்தலோடு பின்னால் நின்றிருந்தான்.

"எங்கம்மா உள்ள கெடக்குறாங்க, நீங்க கோப்பிக்கு மார்க் போட்டுக்கிட்டு இருக்கீங்களா மாப்ள" என்றான். அதோடு பேச்சு நின்றது.

ஒன்பது வருடம். பேச்சு நின்ற வீட்டில் எங்களவர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஒரு வாய் குடித்துவிட்டால் பகை முடிந்தது என்று அர்த்தம். இதில் மாட்டிக்கொண்டது சீதாலெட்சுமி. அம்மா படம் இருப்பது அண்ணன் வீட்டில். ஒவ்வொரு வருடமும் திதி அன்று இவள் தன் பின் கிச்சனில் செய்து வைத்துத் தனியாகக் கும்பிட்டாள்.

அப்படி இருக்கையில் ராதாகிருஷ்ணன் மகள் புனிதாவுக்குக் கல்யாணம் வந்தது. நலங்கில் அத்தைதான் முதல் மஞ்சள் பூச வேண்டும். நான் இரண்டு பக்கமும் போன் போட்டுப் பேசி, தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்க அவனைச் சம்மதிக்க வைத்தேன். சீதாலெட்சுமி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணன் என் வீட்டுல ஒரு வாய் குடிச்சிட்டாப் போதும் சின்னம்மா. மத்தத நான் பாத்துக்குறேன்."

தேத்தண்ணீர் நான் போடுகிறேன் என்று புருஷனிடமும் கெஞ்சியிருக்கிறாள். அவர் விடவில்லை. ஒன்பது வருடம் கழித்து மச்சான் வருகிறார், ரோட்டோர ஒட்டுக்கடைத் தண்ணீரையா கொடுப்பது என்றாராம். எத்தியோப்பியாவிலிருந்து கொட்டை வரவழைத்து ஒரு வாரம் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். பொய் சொல்லக் கூடாது, அதுதான் அவர் கேட்கிற மன்னிப்பு. வாயால் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனோம். ராதாகிருஷ்ணன், அவன் பெண்டாட்டி, நான். பழம், தேங்காய், வெற்றிலை, மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை, தட்டு ராதாகிருஷ்ணன் மடியில். வந்தவர்கள் முதலில் ஏதாவது குடிக்க வேண்டும், பிறகு எழுந்து நின்று தட்டை நீட்ட வேண்டும். யுகேந்திரன் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். கொட்டையை நிறுத்தார், இரண்டு கொட்டையை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தார், அரைத்தார். காகிதத்தை மடித்து வெந்நீரில் கழுவினார். தண்ணீர் கொதித்தது, கொதித்தது போதாதென்று சூடு அளக்கும் கம்பியை விட்டுப் பார்த்து, கூடிவிட்டது என்று ஆறவிட்டார். அப்புறம் சொட்டுச் சொட்டாக ஊற்றி, அரை நிமிடம் மூச்சுவிட வேண்டும் என்றார். யார் என்று நான் கேட்டேன். கோப்பி என்றார்.

ராதாகிருஷ்ணன் கொஞ்சம் இளகித்தான் இருந்தான். என் காதில், "சின்னம்மா, இது குடிக்கிறதுக்கா இல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கா" என்றான். நான் தொடையில் கிள்ளினேன்.

பத்து இருபத்தைந்துக்குக் கோப்பி வந்தது. காது இல்லாத சின்னக் கிண்ணம். உள்ளே கறுப்பு. பால் இல்லை, சீனி இல்லை. போட்டால் அதன் குணம் போய்விடும் என்றார் யுகேந்திரன். மடியில் மஞ்சளும் குங்குமமும், எதிரே கறுப்புக் கோப்பி. ராதாகிருஷ்ணன் பெண்டாட்டி கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சத்தம் போடவில்லை. "கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவனுக்கு எழவு வீட்டுக் கோப்பி. நல்லாருக்கு மாப்ள" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"மச்சான், இது எத்தியோப்பியா" என்றார் யுகேந்திரன். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

நானும் அவன் பெண்டாட்டியும் பின்னால் ஓடினோம். போர்ச்சில் அவன் ஓட்டி வந்த காடி நின்றிருந்தது. கதவுப் பக்கம் சீதாலெட்சுமி நின்றாள். கடைசி வீடு என்பதால் பின் கிச்சனிலிருந்து பக்கவாட்டில் வழி உண்டு, எங்களுக்கு முன்னால் வந்துவிட்டாள். கையில் பெரிய மக்கு, நுரை தளும்பத் தேத்தண்ணீர். புருஷன் தராசைத் துடைக்க ஆரம்பித்த உடனேயே இவள் பின்னால் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

"அண்ணே, இதக் குடிச்சிட்டுக் காடிய எடுங்க. இது அம்மா போடுற மாதிரிதான் போட்டுருக்கேன்."

அவன் மக்கைப் பார்த்தான். இரண்டு கையிலும் தட்டு. "எப்படிக் குடிக்கிறது, கையில தட்டு இருக்குதுல்ல" என்றான், கோபம் இன்னும் இறங்காமல்.

"தட்ட இங்க குடுங்க."

கொடுத்தான். மக்கை வாங்கினான். வாங்கிய பிறகுதான் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. தம்பதியாக வாங்க வேண்டிய தட்டு, அதனால் நான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் கொக்கு மூக்குக் கெட்டிலை வைக்க மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே வந்து தட்டில் மற்றக் கையை வைத்தார். ராதாகிருஷ்ணன் குடித்தான். பாதியில் நிறுத்தி, "அம்மா இன்னும் கொஞ்சம் சீனி போடும்" என்றான். மீதியையும் குடித்தான்.

இதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கு நடந்தது. போர்ச்சு வீட்டுக்குள் சேருமா, சேராதா. சேராது, அவன் செருப்பு போட்டிருந்தான் என்று ராதாகிருஷ்ணன் பெண்டாட்டி வீட்டார். காப்பாரிலிருந்து அஞ்சலை பக்கத்து ஆட்கள்கூட வாட்ஸ்அப்பில் கருத்துச் சொன்னார்கள். கேட்டுக்கு உள்ளே, கூரைக்குக் கீழே, இவர்கள் வீட்டு மக்கில் குடித்தது, அதனால் செல்லும் என்று நான் சொன்னேன். நேரில் பார்த்தவள் நான், விட்டுவிட்டார்கள்.

நலங்கில் சீதாலெட்சுமிதான் முதல் மஞ்சள் பூசினாள். கல்யாண மண்டபத்தில் அண்டாத் தேத்தண்ணீரை யுகேந்திரன் இரண்டு கிளாஸ் குடித்தார், வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாங்கப் போனதை நான் பார்த்தேன். இந்த வருடம் அக்கா திதியை அண்ணனும் தங்கையும் சுங்கை பூலோவில் ஒரே படத்துக்கு முன்னால் கும்பிட்டார்கள்.

நடந்ததிலிருந்து மாப்பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொண்டார். விருந்தாளிக்குப் பால் இல்லாமல் கொடுக்கக் கூடாது. அதற்காகப் பால் நுரைக்கிற மெஷின் ஒன்று வாங்கினார். முன் கிச்சனில் இடம் போதாமல், தராசை ஒதுக்கிவிட்டு அதை வைத்தார். தராசு இப்போது பின் கிச்சனில் இருக்கிறது, சீதாலெட்சுமி அதில் மிளகாய்த்தூள் நிறுக்கிறாள்.

யுகேந்திரனுக்கு அறுபத்திரண்டு வயது. கிள்ளானில் அதே கடைசி வீட்டில்தான் இருக்கிறார்.